கல்வி உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழை உடனே வழங்கக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
கல்லூரி முதலாம் ஆண்டு மாணவி,
மேட்டுத் தெரு.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்.

பார்வை: இதே கோரிக்கையுடன் தங்கள் அலுவலகத்திலும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் நான் கொடுத்த மனுக்கள்.

ஐயா, வணக்கம்.

நான் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்கு இம்மாதம் 30ஆம் தேதிக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எல்லாம் தயார். வருமானச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

1. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். ஒப்புகைச் சீட்டு இணைத்துள்ளேன்.

2. எங்கள் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) மாறுதலாகிப் போனபின் பக்கத்து ஊர் விஏஓதான் கூடுதல் பொறுப்பு. ஏரிக்கரை உடைந்தபோது தாங்கள் வந்து நின்றீர்களே, அந்த அரசமரத்துக்கு எதிரே உள்ள கட்டடம்தான் விஏஓ அலுவலகம். பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது.

3. விண்ணப்பம் "தாயாரின் சம்பளச் சான்று இணைக்கவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஐயா, அப்பா இறந்துவிட்டார். அம்மா விவசாயக் கூலி. நடவு, களையெடுப்பு, கடலை பறிப்பு என்று யார் கூப்பிட்டாலும் போவார். சாயங்காலம் வரப்பில் நின்றே கூலியை எண்ணிக் கையில் கொடுப்பார்கள். இதற்கு யார் சம்பளச் சீட்டு போட்டுத் தருவார்கள்? நிலக்காரர் ஒருவரிடம் கையெழுத்து கேட்டோம். பிறகு ஏதாவது வில்லங்கம் வரும் என்று மறுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. நூறு நாள் வேலைக் கூலி வங்கியில்தான் விழுகிறது. சரி என்று அந்த பாஸ்புக் பக்கத்தை வைத்து, மறுபடி 60 ரூபாய் கட்டிப் பதிந்தேன். மறுபடியும் அதே குறிப்பு! இந்த உதவித்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். அம்மா வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் குனிந்து நாற்று நட்டாலும் அந்தத் தொகையைத் தொட மாட்டார். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அலுவலகமே சான்று தந்துவிடுகிறது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லையென்றால் இந்த உதவித்தொகை பின்னே யாருக்கு ஐயா? தெருவில் வந்து நாலு பேரை விசாரித்தாலே எங்கள் நிலைமை தெரிந்துவிடும். விசாரித்து அறிக்கை தருவதுதானே விஏஓ வேலை?

4. விஏஓ முடித்தாலும் அடுத்து வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), அப்புறம் மண்டலத் துணை வட்டாட்சியர் என்று கோப்பு நகர வேண்டும். 30ஆம் தேதி காத்திருக்காது.

5. தயவுசெய்து செய்து கொடுங்கள் ஐயா.

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். நேரில் விசாரிக்க உத்தரவிட்டு, சம்பளச் சான்று கேட்காமல், 30ஆம் தேதிக்குள் வருமானச் சான்றிதழ் கிடைக்க ஆவன செய்யுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு அம்மாவும் வருவார். முதல் நாளே தகவல் சொன்னால் போதும், மறுநாள் கூலிக்கு வரவில்லை என்று சொல்லி வைத்துவிடுவார்.

இணைப்பு: ஒப்புகைச் சீட்டுகள், திருப்பி அனுப்பிய குறிப்புகள், தந்தையின் இறப்புச் சான்றிதழ், பாஸ்புக் மற்றும் குடும்ப அட்டை நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மாணவி கையொப்பம்)
(தாயார் கைரேகை)