விலை எழுதாத பக்கங்கள்

உயர்தர ஃபேஷன் இதழ்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் பக்கங்களில் வரும் ஆடைகளில் ஒன்றைக்கூட நான் வாங்கியதில்லை. இனி வாங்கப்போவதும் இல்லை. ஆனாலும் இதழைப் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கிப் படித்துவருகிறேன். இந்த முரணைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

1892இல் நியூயார்க்கில் ஆர்தர் டர்னூர் தொடங்கிய ‘வோக்’, அந்நகரின் செல்வக் குடும்பங்கள் தங்களைப் பற்றித் தாங்களே படித்துக்கொள்ளும் வார இதழாக இருந்தது. 1909இல் அதை வாங்கிய காண்டே நாஸ்ட், எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைவிட யார் படிக்கிறார்கள் என்பதே விளம்பரம் தருவோருக்கு முக்கியம் என்று கண்டுகொண்டார். கூட்டத்தைச் சேர்ப்பதற்குப் பதில் வடிகட்டி விற்ற அந்த உத்தியின் வேடிக்கை என்னவென்றால், வடிகட்டி வெளியே நிறுத்தப்பட்டவர்களும் எட்டிப்பார்க்க வந்துவிட்டார்கள் என்பதுதான்.

அப்படி எட்டிப்பார்ப்பதில் எனக்கு வெட்கமில்லை. பல கைகள் நாட்கணக்கில் பூவேலை செய்த ஓர் ஆடையை அருகில் காட்டும் படம், அதை உடுத்த வாய்ப்பில்லாதவருக்கும் கண்ணுக்கு விருந்துதான். அந்த ஆடையின் பெருமையில் வாசனைத் திரவியமும் உதட்டுச்சாயமும் விற்கப்படுவது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவ்வப்போது வாங்குகிறேன்.

எனக்கு உறுத்துவது வேறொரு தூரம். கைத்திறனால் வரும் அருமை ஒன்று. ஆளைப் பார்த்துக் கதவடைப்பதால் வரும் அருமை இன்னொன்று. அமெரிக்க வோக்கின் அட்டையில் முதல் கறுப்பினப் பெண்ணாக பெவர்லி ஜான்சன் தோன்றியது 1974 ஆகஸ்டில்; இதழ் பிறந்து 82 ஆண்டுகள் கழித்து. அதற்கு மாறாக, 1988 நவம்பர் அட்டையில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லக்ருவாவின் மணிகள் பதித்த மேலாடையைச் சாதாரண ஜீன்ஸுடன் இதழின் அப்போதைய ஆசிரியர் அன்னா வின்டூர் சேர்த்தபோது, ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதோ என்று அச்சகத்தார் விசாரித்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வாசலை ஒரு விரற்கடை திறந்ததால் இதழின் மதிப்பு சரிந்துவிடவில்லை. இன்றும் பேசப்படும் அட்டைகளுள் அதுவும் ஒன்று.

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டு. மாடலின் உடலமைப்பைக் கணினியில் மெலியவோ பருக்கவோ வைத்திருந்தால், வணிகப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் வற்புறுத்தாத இடங்களிலும், உங்கள் ஃபேஷன் பக்கங்கள் அனைத்திலும் அக்குறிப்பை நீங்களாகவே இடுங்கள். அடுத்து, ‘விலையைக் கேட்டறிக’ என்ற வரியை நீக்கிவிட்டு, விலையையும் ஆடையைத் தைக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் அச்சிடுங்கள். விலையை மறைப்பதால் ஆடையின் அழகு கூடுவதில்லை. கேட்கத் தயங்குபவர் கூசிப்போகிறார், அவ்வளவுதான்.

இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2012 செப்டம்பர் வோக் 916 பக்கங்களில் வந்தது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி