இறப்புச் சான்றிதழ் அப்போஸ்டில் வேலை 11 வாரங்களாகியும் முடியவில்லை: புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: என் தந்தையின் இறப்புச் சான்றிதழை வாங்கி, வெளிநாட்டில் செல்லும்படி அப்போஸ்டில் (ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று நம் அரசு தரும் சான்று) செய்து தருவதாக ஒப்புக்கொண்டு இன்றுவரை தராதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம். முதல் ஐந்துக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இந்த முறையாவது யாராவது ஒருவர் உட்கார்ந்து கடைசி வரை படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நான் எடுத்தது உங்களுடைய முழுச் சேவைத் திட்டம். அதில் என்னென்ன அடக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இறந்த ஒன்பதாம் நாள் பணம் முழுவதையும் ஒரே தவணையில் கட்டினேன். கனடாவில் அப்பா பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கை முடித்து அம்மாவுக்குத் தர, அந்த வங்கி கேட்டது மூன்றே மூன்று: பதிவாளர் கொடுத்த இறப்புச் சான்றிதழ், அதற்கு அப்போஸ்டில், ஆங்கில மொழிபெயர்ப்பு. வங்கியின் கடிதத்தையும் அன்றே உங்கள் நீல உறையில் போட்டுக் கொடுத்தேன். உங்கள் ஆட்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்களா என்றே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் உங்கள் மாலை நேர ஊழியரின் குரல்தான் முன்னால் வந்து நிற்கிறது. யாரைச் சொல்கிறேன் என்று உங்கள் அழைப்புப் பதிவைக் கேட்டால் தெரியும். நான்காவது வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு அழைத்தார். அம்மா எடுத்தார். "சரிபார்ப்பு அழைப்பு" என்று சொல்லிவிட்டு அப்பாவின் பெயரைச் சொல்லி, அவரிடம் போனைக் கொடுங்கள் என்றிருக்கிறார். அவர் தவறிவிட்டார் என்று அம்மா சொன்ன பிறகும், "கோப்பு அவர் பெயரில்தான் இருக்கு, அவர்கிட்டதான் பேச முடியும்" என்றிருக்கிறார். அந்தக் கோப்பே இறப்புச் சான்றிதழுக்கான கோப்பு! அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. மறுநாள் நான் அழைத்துக் கேட்டபோது அதே ஊழியர் என்னிடம் சொன்னது: "ஒரு சாவு சர்டிபிகேட்டுக்கு இத்தனை தடவை போன் பண்றீங்களே, வேற வேலை இல்லையா உங்களுக்கு?"

இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். முதல் மூன்று வாரம் எதில் போனது தெரியுமா? மருத்துவமனை கொடுத்த மரணக் காரணச் சான்றை வைத்துக்கொண்டு, அதுதான் இறப்புச் சான்றிதழ் என்று உங்கள் அலுவலகம் அதற்கு அட்டெஸ்டேஷன் (அதிகாரியின் சான்றொப்பம்) வாங்க அலைந்திருக்கிறது. அது என்ன காரணத்தால் உயிர் போனது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தாள். அது பதிவாளரிடம் போய் இறப்பு பதிவான பிறகு, அந்தப் பதிவிலிருந்து பதிவாளர் கையெழுத்து, முத்திரையோடு தருவதுதான் சான்றிதழ். வெளிநாட்டு வங்கி கேட்பது இரண்டாவதை. இதே வேலையைத் தொழிலாகச் செய்யும் உங்களுக்கு இதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தத் தூதரகப் பயணம். ஏழாவது வாரம். அப்போஸ்டில் போதாது, தூதரக முத்திரையும் வேண்டும், இரத்த உறவு ஒருவர் நேரில் போயே ஆக வேண்டும் என்றீர்கள். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன், உங்கள் சரிபார்ப்புப் பட்டியலை அனுப்பினீர்கள். அதில் கனடாவுக்கு நேரே "தூதரக அங்கீகாரம் கட்டாயம்" என்று அச்சில் இருக்கிறது. இரண்டு நாள் விடுப்பு எடுத்து, தனியாக இருக்கப் பயப்படும் அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து போனேன். டோக்கன் வாங்கி நான்கு மணி நேரம் காத்திருந்தேன். கவுன்டரில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் பொறுமையாகச் சொன்னார்: "இதுக்கு நாங்க முத்திரை வைக்கிறதில்லைங்க. கனடா ஒப்பந்தத்துல சேர்ந்தாச்சு. அப்போஸ்டில் மட்டும் போதும். உங்களை யார் இங்க அனுப்பினது?"

யார் அனுப்பியது என்று சொல்ல எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5ஆம் தேதியிட்ட ஹேக் ஒப்பந்தத்தின்படி வருவது. ஒரு துறை, அதற்கு மேல் அமைச்சகம், அதற்கு மேல் தூதரகம் என்று முத்திரை மேல் முத்திரையாக வாங்கும் சங்கிலியை ஒழிப்பதற்காகவே அந்த ஒப்பந்தம் போடப்பட்டது. இரு நாடுகளுக்கிடையே அந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தால் அந்த ஒரே சான்று போதும், மேற்கொண்டு தூதரகத்துக்குப் போகத் தேவையில்லை. நம் நாடு அதில் இருக்கிறது. கனடாவுக்கு அது 2024 ஜனவரி 11 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பு தூதரக வழிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பட்டியலை அதன் பிறகு ஒருவரும் திருத்தவில்லை. ஒரு வரியைத் திருத்தாததால் நான் ஓர் இரவும் ஒரு பகலும் தெருவில் நின்றேன். சவுதி அரேபியாவுக்கும் 2022 டிசம்பரில் இதே ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த வரியும் உங்கள் பட்டியலில் பழையபடியேதான் இருக்கிறது. இன்னும் எத்தனை குடும்பங்களை இப்படி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களோ.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், இது தூதரகத்துக்கு முன்னால் நடந்தது. முதலில் வந்த சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து தவறு, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. நான் சுட்டிக்காட்டியதற்கு, "அப்போஸ்டில் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார் அந்த மாலை நேர ஊழியர், அவரேதான். அப்போஸ்டில் உறுதி செய்வது கையெழுத்து உண்மையா, கையெழுத்திட்டவர் என்ன பொறுப்பில் இருந்து இட்டார், முத்திரை யாருடையது என்பதை மட்டும்தான். உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது பார்க்காது. தவறான பெயர் அப்போஸ்டிலுக்குப் பிறகும் தவறான பெயர்தான். கடைசியில் பதிவாளர் அலுவலகத்துக்கு நானே மூன்று முறை நடந்து திருத்தி வாங்கினேன். எப்படியும் வேறு பிரதி வாங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் முதல் ஒரிஜினலை நீங்கள் லேமினேட் செய்து வைத்திருந்தீர்கள். பாதுகாப்புக்காகவாம். பிளாஸ்டிக் ஒட்டிய தாளை ஏற்க முடியாது என்று அப்போஸ்டில் அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. இது உங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இல்லையா?

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். ஒன்பதாவது வாரம் ஒருவழியாக அப்போஸ்டில் கிடைத்தது. சதுரமான பெட்டி, தலைப்பில் பிரெஞ்சு எழுத்து, 1 முதல் 10 வரை எண்ணிட்ட வரிகள், எண், தேதி, கையெழுத்து எல்லாம் சரியாகவே இருந்தன. சான்றிதழின் பின்னால் தனித்தாளாக இணைத்து, இணைப்பின் மேல் முத்திரையும் வைத்திருந்தார்கள். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மொழிபெயர்ப்புக்காக உங்களிடம் கொடுத்தேன். ஸ்கேன் செய்வதற்காக உங்கள் ஆள் பின்னைப் பிடுங்கி இரண்டு தாளையும் பிரித்து, திரும்பவும் கோணலாகப் பின் அடித்திருக்கிறார். அப்படியே கூரியரில் கனடாவுக்கும் அனுப்பிவிட்டீர்கள். தம்பி வங்கிக்குக் கொண்டுபோனான். பிரித்து ஒட்டிய ஆவணத்தை ஏற்க மாட்டோம், இந்தப் பக்கம் இந்தச் சான்றிதழுக்கு உரியதுதான் என்று எப்படி நம்புவது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அப்போஸ்டிலில் உள்ள எண்ணையும் தேதியையும் வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி உங்களிடம் கடிதம் கேட்டான். கடிதம் தருவதற்கு மறுபடி கட்டணம் கட்டச் சொன்னீர்கள்.

11 வாரம் ஐயா. அப்பாவுக்காக உட்கார்ந்து நிம்மதியாக ஒரு நாள் அழ முடியவில்லை. விடுப்பு தீர்ந்தது, சேமிப்பு கரைந்தது, என் வேலையே போகும் நிலைமையில் இருக்கிறேன். இந்த நஷ்டத்துக்கு உங்கள் நிறுவனத்தையே விற்றுக் கொடுத்தாலும் ஈடாகாது.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. காலையில் கவுன்டரில் இருக்கும் அந்த வயதான அம்மா ஒருவர்தான் ஒவ்வொரு முறையும் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. உங்கள் செலவில் புதிய பிரதி வாங்கி, புதிய அப்போஸ்டில் செய்து, தாளைப் பிரிக்காமல் மொழிபெயர்த்து அனுப்புங்கள். மொழிபெயர்ப்பைத் தனித்தாளாக மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு வையுங்கள். நான் கட்டிய கட்டணத்தையும் தூதரகம் போய்வந்த செலவையும் திருப்பித் தாருங்கள். அந்தச் சரிபார்ப்புப் பட்டியலை இன்றே திருத்துங்கள். அந்த மாலை நேர ஊழியர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் தர வேண்டும். இதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

7 நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் உங்கள் ரசீதுகள், பட்டியல், லேமினேட் செய்த ஒரிஜினல், அழைப்பு வந்த நேரங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம், வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன். அந்த நிலைமை வராமல் நீங்களே முடித்துக் கொடுத்தால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

தொலைபேசியில் பேசுவதானால் என் எண்ணுக்கு மட்டும் அழையுங்கள். கோப்பில் இருக்கும் வீட்டு எண்ணை நீக்கிவிடுங்கள். அம்மா இனி அந்தப் போனை எடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
இறந்தவரின் மூத்த மகள்