திடல் சுவரில் கரிஞ்சா: நன்கொடை வேண்டுகோள்

வியாசர்பாடி அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

'குட்டி பிரேசில்' என்று பேர் வாங்கிய ஏரியாவில் பெலேயையும் நெய்மாரையும் தெரியாத பிள்ளை கிடையாது. கரிஞ்சா என்றால்தான் விழிக்கிறார்கள். அவரும் பிரேசில் கால்பந்து வீரர்தான்; அங்கே அவருக்கு 'மக்களின் மகிழ்ச்சி' என்றே பட்டம். 1962 உலகக் கோப்பையில் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயப்பட்டு உட்கார்ந்துவிட, அணியைத் தோளில் சுமந்தவர் இவர்தான். நாட்டுக்காக இறங்கிய 60 ஆட்டங்களில் தோல்வி ஒன்றே ஒன்று, 1966இல் ஹங்கேரியிடம். பந்தோடு பெரும்பாலும் வலப்பக்கமாகவே வெட்டிப் போவார். எதிராளிக்கும் அது தெரியும்; ஆனாலும் பிடிக்க முடியாது. 1983இல் இறந்தபோது உடலை மரக்கானா அரங்கில்தான் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

அவரைத் திடலின் கிழக்குச் சுவரில், 30 அடி நீளம் 10 அடி உயரத்தில் வரையப் போகிறோம். ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஒரு காற்றுக்குக் கிழியும், சாய்ந்தால் ஆள்மேல் விழும்.

சுவரில் உள்ள பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்ட வேண்டும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் முதல் மழையிலேயே பொறிந்து உதிரும். அடியில் ஓரிரு அடிக்கு உப்பு பூத்திருக்கிறது. அங்கே பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, நான்கு வாரம் காயவிட்ட பிறகே பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவு), பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு). பிரேசில் சட்டையின் மஞ்சள் நிறம் அடியை மூடாது. வெள்ளை அடித்து அதன்மேல் மூன்று கோட் போட வேண்டும், மலிவு மஞ்சள் ஒரு கோடையில் வெளுத்துவிடும். பெயிண்ட் செலவு கூடியது அதனால்தான்.

படத்திலும் கவனம் வேண்டும். நாம் வரையும் 1962 சட்டையில் எண் 7. 1958இல் அவர் போட்டது 11, அந்த இறுதி ஆட்டத்தில் அணி நீலச் சட்டை. இன்றைய சின்னத்தையும் ஐந்து நட்சத்திரங்களையும் வரைந்தால் தப்பு. இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும், ஓவியர் அதை 'சரிசெய்து' நேராக்கிவிடக் கூடாது! படத்தில் கட்டம் போட்டு, ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி என்று சுவரில் நூல் அடித்து மாற்றுவோம்.

கொத்தனார், சித்தாள் இரண்டு நாள் 4,000. சிமெண்ட், மணல் 1,500. பட்டி 40 கிலோ 1,200. பிரைமர் 4 லிட்டர் 900. வெளிச்சுவர் எமல்ஷன் பெயிண்ட் 5,400. சாரம் வாடகை 2,000. ஓவியர் இருவர் ஆறு நாள் 18,000. ஆக மொத்தம் 33,000 ரூபாய்.

பணமாகத் தர முடியாதவர்கள் பெயிண்ட் டப்பாவாகத் தரலாம், ஆனால் எந்த நிறம், எந்த வகை என்று முதலில் குழுவிடம் கேட்டுவிடுங்கள். உள்சுவர் பெயிண்ட் வெளியே தாங்காது. சுரண்டும் வேலைக்கு ஞாயிறு காலை பத்துப் பேர் வந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சும். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு, ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். வரவு செலவைத் திடல் வாசலில் ஒட்டுவோம். மிச்சம் விழுந்தால் சிறுவர்களுக்குப் பந்து.

அக்டோபர் மழைக்கு முன் வேலை முடிய வேண்டும். பூச்சு காய நான்கு வாரம் போவதால், கொத்தனார் கூலியும் சிமெண்ட் காசும் ஜூலைக்குள் கைக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
சுவர் ஓவியக் குழு