‘கழிவு வெளியேறுது’ என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு இயற்கை மருத்துவ முகாம் விளம்பரம் பார்த்தேன். எல்லா நோய்க்கும் மருந்தில்லாமல் தீர்வு என்று போட்டிருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இயற்கை மருத்துவத்துக்கு எதிரி கிடையாது. மூட்டு வலிக்கு அதில் நல்ல பலன் கண்டவள். அதனாலேயே எனக்குக் கூடுதல் ஆதங்கம்.

எங்கள் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, 14 வருஷமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மாத்திரை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் இடத்தில் பத்து நாள் தங்கிச் சிகிச்சை எடுக்கப் போனார்கள். அங்கே வெறும் சாறு உணவு. வெண்பூசணிச் சாறு, பாகற்காய்ச் சாறு, மதியம் கொஞ்சம் மோர், அவ்வளவுதான். சோற்றை நிறுத்தச் சொன்னவர்கள், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைனியும் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. அங்கிருந்த பெண், “ஒண்ணும் இல்லக்கா, கழிவு வெளியேறுது, படுத்திருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். தற்செயலாக அன்றைக்கு அண்ணன் பார்க்கப் போனதால் தப்பினோம். சாப்பாடு இல்லாமல் மாத்திரை மட்டும் போட்டதால், ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 42-க்கு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கவே பயமாக இருக்கிறது.

உண்ணாநோன்பின் முதல் இரண்டு நாளில் தலைவலி, நாக்கில் வெள்ளைப் படிவு, அசதி எல்லாம் வரலாம், அதிலும் தினமும் நாலு டீ குடிக்கிறவர்களுக்குத் தலைவலி வர வாய்ப்பு அதிகம். ஆனால் வியர்த்து நடுங்குவதும் மயக்கமும் நெஞ்சு வலியும் விடாத வாந்தியும் அந்தக் கணக்கில் சேராது. அதைக் கழிவு என்று சொல்கிறவரிடம் ஒரு நிமிஷம்கூட இருக்காதீர்கள்.

நம்ம குமரி மாவட்டத்தில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இங்கே ஊருக்கு ஊர் வைத்தியர், வர்மம் பார்க்கிற ஆசான், எலும்பு கட்டுகிறவர், நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. அதனால் தைலம், கஷாயம், லேகியம், வர்மம் எல்லாவற்றையும் சேர்த்து இயற்கை மருத்துவம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இயற்கை மருத்துவத்தில் மருந்தே கிடையாது. மண், தண்ணீர், வெயில், உணவு, நோன்பு, மசாஜ், யோகா இவைதான். அங்கே போய் உட்கார்ந்து “ஒரு கஷாயம் எழுதித் தாங்க” என்று கேட்டால் கிடைக்காது. சர்க்கரைக்கு என்று அங்கே யாராவது ஒரு பொடியை நீட்டினால், அது எந்த மருத்துவம் என்று கேளுங்கள்.

அப்புறம் என்னுடைய அனுபவம். நான் போனது பட்டம் படித்த ஒரு டாக்டரிடம். பி.என்.ஒய்.எஸ். என்று போட்டிருப்பார்கள், அதாவது இயற்கை மருத்துவம், யோகாவுக்கான பட்டம், ஒரு வருஷப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷப் படிப்பு, உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் படித்துத்தான் வருகிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கு அரசுக் கல்லூரியே உண்டு. முதல் நாள் முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், மலச்சிக்கல் உண்டா, ராத்திரி என்ன சாப்பாடு, மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வாரத்துக்கு எத்தனை நாள், எல்லாம். என் பிரஷர் மாத்திரைச் சீட்டை வாங்கி எழுதிக்கொண்டார். “இதை நான் நிறுத்த மாட்டேன், குறைக்கணும்னா எழுதிக் கொடுத்த டாக்டர்தான் குறைக்கணும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எனக்கு அங்கே மண்பட்டி வைத்தார்கள், அது என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். உரம், பூச்சிமருந்து படாத, ஆழத்தில் தோண்டிய மண்ணைக் காயவைத்துச் சலித்து, ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் பொதிந்து அடிவயிற்றில் வைப்பார்கள். வைத்ததும் சிலீர் என்று உடம்பே தூக்கிப் போடும், ஐந்து நிமிஷத்தில் பழகி, அரை மணிக்குள் எனக்குக் கண் சொருகிவிடும். இடுப்புக் குளியலுக்கு நாற்காலி மாதிரி ஒரு தொட்டி, தொப்புள் வரைக்கும் தண்ணீர், கால் இரண்டும் வெளியே. வலிக்கிற முட்டிக்கு ஒத்தடமும் எண்ணெய் தேய்ப்பும். ராத்திரிச் சோற்றை நிறுத்தி, ஏழு மணிக்கே காய்கறியும் பழமும். முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தேன், படி ஏற முடிகிறது. ஆனால் தேய்ந்த மூட்டு திரும்ப வளராது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். சாப்பாடும் நடையும் விட்டால் வலி திரும்பும் என்றும் சொன்னார், நடுவில் ஒரு கல்யாண சீசனில் விட்டேன், திரும்பியது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னொன்று. இளநீர் நல்லதுதானே என்று நம் ஊரில் எல்லோரும் வெட்டிக் கொடுப்போம். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பழச்சாறு நோன்பும் அப்படித்தான். மூக்கு கழுவும் நேத்தி செய்கிறவர்கள் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, பக்கத்துக் கேரளத்தில் அதில் உயிரிழப்பே நடந்திருக்கிறது. குளத்துத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ அப்படியே மூக்கில் விடக் கூடாது.

இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் யாராக இருந்தாலும் நோன்போ நீராவிக் குளியலோ தொடங்கும் முன் தங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். காந்தியைவிட இயற்கை மருத்துவத்தை நம்பியவர் யார்? மண்ணையும் தண்ணீரையும் வைத்துத் தன் உடம்பிலேயே பரிசோதித்தவர், 1946-இல் புனே பக்கத்தில் உருளிகாஞ்சனில் அதற்கென்று ஆசிரமமே தொடங்கினார். அவரே 1924 ஜனவரியில் குடல்வால் வீங்கியபோது புனே சசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்.

மைனி இப்போது நலம். அரிசியைக் குறைத்து, காலையில் நடந்து, மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் போட்டு வருகிறார்கள். ஆசிரியரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி இப்படி முகாம் விளம்பரம் வந்தால், நடத்துகிறவரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்துப் போடுங்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு நடக்கிறது. நம் மாவட்டத்தில் எங்கே, எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று விசாரித்து ஒரு செய்தியாகப் போட்டால், மைனி மாதிரி நாலு பேர் நேராக அங்கே போவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை.