உருளாத கோளம்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடத்தையும் செய்முறையையும் வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் ஆசிரியர் அல்லன். கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். சுழலும் இரும்பைப் பார்த்தபடியே இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எதிர்வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு மாலை வெர்னியர் அளவி கேட்டு வந்தாள். செய்முறைப் பட்டியலில் திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றப் போனால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதன் அளவு) காணும் சோதனை இருக்கிறது அல்லவா, அதைப் பழக வேண்டுமாம். என்ன செய்யப் போகிறாள் என்று ஆவலோடு நின்று பார்த்தேன். குண்டை அளவியின் தாடைகளுக்கு நடுவே பிடித்து விட்டம் பார்த்தாள். ஆரத்தை வர்க்கமாக்கி, நிறையால் பெருக்கி, அதில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்து எழுதினாள். சோதனை முடிந்துவிட்டது! குண்டு உருளவில்லை, சுழலவில்லை, இருந்த இடத்தை விட்டு அசையக்கூட இல்லை.

"அந்த ஐந்தில் இரண்டு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"சூத்திரம் மாமா" என்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். வெர்னியர் பார்க்கப் பழகுவதும் நல்லதே. என்னிடம் வேலைக்கு வரும் பையன்களில் பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை. ஆனால் விட்டத்தை அளந்துவிட்டு நிலைமத் திருப்புத்திறனைக் கண்டுபிடித்ததாக எழுதச் சொல்வது என்ன நியாயம்?

மறுநாள் இரண்டு துண்டுகள் கடைந்தேன். ஒன்று 60 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. நீளமும் உள்ள திண்ம உருளை. மற்றொன்று அதே வெளிவிட்டமுள்ள குழாய்த் துண்டு. எடை சமமாக வேண்டும் என்பதற்காக அதன் நீளத்தை 98 மி.மீ. அளவுக்கு விட்டேன். இரண்டும் ஏறத்தாழ 665 கிராம். 2 மீட்டர் பலகையின் ஒரு முனையை 20 செ.மீ. உயர்த்தி வைத்து, எது முதலில் கீழே வரும் என்று கேட்டேன். எடையும் விட்டமும் ஒன்றுதானே, சேர்ந்தே வரும் என்றாள். உருட்டிவிட்டோம். உருளை கீழே வந்தபோது குழாய் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கியிருந்தது. பிறகு ஒரு கோலிக்குண்டை உருளையோடு சேர்த்து விட்டோம். அந்தச் சிறு கண்ணாடிக் குண்டு அரைக் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை முந்திக்கொண்டு வந்தது. அவள் சிரித்த சிரிப்பைப் பாடநூல் எழுதுகிறவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அதன்பின் அவளே நோட்டை எடுத்தாள். சரிவில் இறங்கும் பொருள், கிடைக்கும் ஆற்றலை முன்னே போவதற்கும் சுழல்வதற்கும் பங்கிட்டுக்கொள்கிறது. நிறை விளிம்பில் குவிந்திருந்தால் சுழற்சி அதிகப் பங்கை வாங்கிக்கொள்ளும், வேகம் குறையும். மொத்த எடையும் ஆரமும் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. நிறை எங்கே பரவியிருக்கிறது என்பது மட்டுமே மிஞ்சுகிறது. அந்தப் பரவலைக் காட்டும் எண் கோளத்துக்கு 0.4 (அதே ஐந்தில் இரண்டு), உருளைக்கு 0.5, மெல்லிய வளையத்துக்கு 1. கைப்பேசிக் கடிகாரத்தில் பத்துமுறை நேரம் எடுத்துச் சராசரி பார்த்தோம். குழாய்க்கு ஏறத்தாழ 2.75 விநாடி. கணக்குப் போட்டால் 1 வரவில்லை, 0.85 வந்தது. பிழை என்று நினைத்து அழிக்கப் போனாள். குழாயின் சுவர் தடிமனைப் பார் என்றேன். வெர்னியரால் உள்விட்டம் அளந்தாள்: 50 மி.மீ. அந்தத் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டால் 0.847. வெர்னியர் அளவிக்கு அங்கேதான் உண்மையான வேலை வந்தது.

இந்தச் சோதனையைத்தான் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன். கடிகாரத்தை அழுத்துவதில் கை பிந்தும், பலகை லேசாக வளையும், எல்லா மாணவர்க்கும் ஒரே விடை வராது என்பீர்கள். வராதுதான். 0.1 விநாடி தவறினாலே கோளத்தின் 0.4 என்பது 0.5-ஐத் தாண்டிவிடும். அதனால்தான் பத்துமுறை எடுக்க வேண்டியிருக்கிறது. 0.43 என்று எழுதி, ஏன் அப்படி வந்தது என்று இரண்டு வரி விளக்குகிற மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் திருத்துவோருக்கு அனுமதி தாருங்கள். இப்போதைய முறையில் எல்லோருக்கும் சரியான விடை வருகிறது. சூத்திரத்தில் போட்டால் வேறென்ன வரும்?

இடையில் ஒன்று. 'திருப்பு விசை' (torque: விசையை, அச்சிலிருந்து அது செயல்படும் தூரத்தால் பெருக்கி வருவது) என்ற சொல்லையும் மறுபடி பாருங்கள். விசை என்றால் அலகு நியூட்டன் மட்டும்தானே, நியூட்டன் மீட்டர் எப்படி வந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்ற ஸ்பேனரில் குழாயைச் செருகி நீட்டிக்கொள்வதைக் காட்டிப் புரியவைத்தேன். குழப்பம் அவளுடையதல்ல, சொல்லினுடையது.

கருவி வாங்க நிதி இல்லை என்ற பதில் வரலாம். எங்கள் பகுதிப் பள்ளிகள் கேட்டால், இரும்புக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும், கடைந்து தருவதற்குக் கூலி வாங்க மாட்டேன். பலகை எந்தப் பள்ளியிலும் இருக்கும். கோலிக்குண்டைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்