பெற்றோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. நூலக அறைக்கு அலமாரிகள் வந்தன. குடிநீர்க் குழாய் ஒருவழியாகச் சரியானது. விவரமெல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. மீதி இடத்தைக் கூட்டத்துக்கு வராத பெற்றோருக்காக எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டறிக்கையில், "சில பெற்றோருக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லை" என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். வேலை நாளில் பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் வைத்தது நாம்தான். தினக்கூலிக்குப் போகிறவர் அந்த நேரத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், அனுமதி கேட்டு வரக்கூடிய வேலையில் இருப்பவர்களின் கையெழுத்துதான் திரும்பத் திரும்ப இருக்கிறது.

ஆண்டின் நடுவில், வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. நானும் துணைச் செயலாளரும் போன முதல் வீட்டில் அந்த அம்மா வாசலிலேயே நின்றபடி, "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. டீச்சர் ஏதாவது கேட்டா என்ன சொல்றது? அதான் வர்றதில்ல" என்றார். உள்ளே பையன் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் தடுமாறினான். எங்களோடு பேசிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பாமலே, "நேத்து இந்த இடத்துல நிக்காமத்தானேடா படிச்ச?" என்றார். எழுத்துத் தெரியாதவர் பாடத்தைக் காதாலேயே தொடர்ந்து வருகிறார். அக்கறை இல்லை என்று நான் எழுதியது இவரையும் சேர்த்துத்தான்.

குடும்பப் பின்னணி படிப்பைப் பாதிக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. 1966-இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழுவினர் சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, பள்ளியின் வசதிகளைவிட வீட்டுப் பின்னணியே மதிப்பெண் வித்தியாசத்தோடு அதிகம் ஒட்டியிருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு, "வீடு அப்படி, பள்ளி என்ன செய்யும்?" என்று நம் கூட்டத்திலேயே பேசினார்கள். ஆனால் 1983-இல் ஹைன்மன், லாக்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 29 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டார்கள். ஏழை நாடுகளில் பள்ளியின் தரத்துக்கும் ஆசிரியரின் தரத்துக்கும் கனம் கூடுதல் என்று தெரிந்தது. கையை விரிக்க யாருக்கும் சாக்கு இல்லை.

அப்புறம், பின்னணி என்றால் பணம் மட்டும் இல்லை. ஆசிரியரிடம் தயங்காமல் பேசும் துணிவு, எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது என்ற தகவல் எல்லாம் அதில் அடங்கும். வருமானத்தைச் சங்கத்தால் கூட்ட முடியாது. இந்த இரண்டையும் கொடுக்க முடியும்.

வீட்டுப்பாடம் பற்றியும் ஒரு சொல். நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்டார்கள். படிப்பின் பயனையும் வருங்காலத் திட்டத்தையும் பிள்ளையோடு பேசுவதற்குத்தான் மதிப்பெண்ணோடு வலுவான தொடர்பு இருந்தது. வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கு அப்படி இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. என் மகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால் அரை மணியில் நான் கத்துவேன், அவள் அழுவாள். இப்போது, "இன்னைக்குக் கணக்கு வகுப்புல என்ன நடந்துச்சு?" என்று கேட்பதோடு சரி. அவளே விளக்குகிறாள். பாதி எனக்குப் புரிவதில்லை.

இதையெல்லாம் வைத்து மூன்று மாற்றங்கள் செய்தோம். கூட்டம் விடுமுறை நாளுக்கு மாறியது. அழைப்பிதழ் போய்க் குரல்பதிவு வந்தது. மதிப்பெண்ணை எல்லார் முன்னாலும் வாசிக்கும் வழக்கம் நின்றது. இந்தக் கடைசி மாற்றத்துக்கு எதிர்ப்பு வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். எதிர்த்தவர்கள் எல்லாரும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெருகினார்கள். அப்பாக்கள் மட்டும் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வருகிறார்கள். முன் சொன்ன அம்மா கடைசிக் கூட்டத்துக்கு வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு வகுப்பாசிரியரிடம் போய், "வாய்விட்டுப் படிக்கச் சொல்றேன், அது சரிதானுங்களா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் சத்தமாகவே படிக்கட்டும் என்றார் ஆசிரியர்.

நூலக அறையை மாலையிலும் திறந்துவைக்க வேண்டும் என்ற கோரிக்கை நிலுவையில் இருக்கிறது. சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் இழுபறி. இன்றே முடிவு எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்