தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. சரி, தபாலில் வந்தால் பிரித்துத்தானே ஆக வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். நாங்கள் நலம். அப்பாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. அக்கா விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அவளே சொல்லியிருப்பாள். காஸல்பாரில் விடாத மழை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? பிரெட்டை வைத்தே ஒப்பேற்றாதே.

மாடி அலமாரியை ஒழித்தபோது நம் மேயோ மாவட்ட அணியின் ஜெர்சி, உன்னுடையது, கிடைத்தது. முதுகில் 5. எண்ணின் ஓரம் உரிந்த இடத்தில் நீ பசை போட்டு ஒட்டியது இப்போது மஞ்சளாகிவிட்டது. அதிலிருந்து, அந்த எண்ணோடு மேயோவுக்குக் கேலிக் கால்பந்து ஆடிய லீ கீகன் ஞாபகமாகவே இருக்கிறது. உனக்குத் தெரியாத கதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், படி.

நாம் காஸல்பார்க்காரர்கள், அவன் வெஸ்ட்போர்ட். கிளப் ஆட்டம் என்றால் மெக்ஹேல் பார்க்கில் நின்று அவனைத் திட்டித் தீர்ப்பாய். அவனே மேயோவின் பச்சை-சிவப்பு போட்டு இறங்கிவிட்டால் உனக்குச் சாமி. கேலிக் கால்பந்தில் ஒரு தலையும் காலும் எனக்குப் புரியாத காலத்தில், வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று பாயிண்ட், கம்பத்துக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட் என்று நீதான் சமையலறை மேடையில் உப்பு ஜாடியையும் மிளகு ஜாடியையும் வைத்துக் காட்டினாய். தடுப்பாட்டக்காரனுக்குக் கோல் போடுகிறவனின் பேர் கிடைக்காதும்மா என்றும் சொன்னாய். கீகனுக்குக் கிடைத்தது. டப்ளினின் டியர்மிட் கானலி மாதிரி ஆளை எழுபது நிமிடமும் ஒட்டிக்கொண்டே ஓடுவான், சந்து கிடைத்தால் எதிர்ப்பக்கம் போய் அவனே அடித்துவிட்டும் வருவான். கானலி இவனைத் துரத்த வேண்டியதாகிவிடும். அதைப் பார்த்து நீ சோபாவில் ஏறிக் குதிப்பாய்.

இதற்கெல்லாம் சம்பளம் ஒரு யூரோ கிடையாது. குரோக் பார்க்கில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடிவிட்டு அவரவர் வேலைக்குப் போகிறவர்கள்.

2012 அகில அயர்லாந்து இறுதியில் மேயோ டோனிகாலிடம் தோற்றார்கள். 2013-ல் டப்ளினிடம். 2016-ல் மறுபடியும் டப்ளினோடு இறுதி, உனக்கு மறந்திருக்காது. முதல் ஆட்டத்தில் நம் ஆட்களே நம் வலைக்குள் இரண்டு கோல் போட்டுக்கொண்டும் சமன் செய்தார்கள். மறு ஆட்டத்தில் கீகன் கோல் அடித்தான், நீ கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கிழவி வந்து கதவைத் தட்டினாள். இடைவேளைக்கு முன்பே கருப்பு அட்டை காட்டி அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்போதைய விதிப்படி அந்த அட்டை வாங்கினால் திரும்பி வர முடியாது. நமக்கு ஒரு கோலும் 14 பாயிண்ட்டும், அவர்களுக்கு ஒரு கோலும் 15 பாயிண்ட்டும், ஒரே ஒரு பாயிண்ட்டில் போயிற்று. அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை.

அந்த வருஷம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் விருதை அவனுக்குத்தான் கொடுத்தார்கள். ஜெயித்தது டப்ளின், தோற்றவனுக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்டேன். நீ என்னை முறைத்து, “ஸ்கோரை ஏம்மா பார்க்கிறே, அவன் ஆடினதைப் பாரு” என்றாய். அப்போது உனக்கு மீசைகூட முளைக்கவில்லை. எனக்கே பாடம் எடுத்தவன்தான் நீ. வேறொன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு தடவையும் அவன் சிரித்துக்கொண்டு போகவுமில்லை. 2017 இறுதி ஞாபகமிருக்கிறதா? அன்றும் ஒரு கோல் அடித்தான். கடைசி நேரத்தில் ஆட்டம் சமமாக நிற்க, டப்ளினின் டீன் ராக் ஃப்ரீ கிக் எடுக்க ஓடி வரும்போது, கீகன் தன் சட்டைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவியைப் பிடுங்கி அவனை நோக்கி எறிந்தான். பந்து என்னவோ கம்பங்களுக்கு நடுவேதான் போயிற்று. மறுபடியும் ஒரு பாயிண்ட். அழுகுணி ஆட்டம் என்று அப்பா இன்றுவரை சொல்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. செய்தது தப்புதான், ஆனால் உள்ளே இருந்த ஆத்திரம் வெளியே வந்துவிட்டது பார். வாயை மூடிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிற ஆளைவிட அது எவ்வளவோ மேல். கையில் கிடைத்ததை எறிகிற மாதிரி நீயும் இரண்டு வார்த்தை கத்திவிடேன், நான் கேட்டுக்கொள்கிறேன்.

2020 இறுதியும் டப்ளினுக்கே. 2021-ல் அரையிறுதியில் ஒருவழியாக அந்த டப்ளினை அடித்தார்கள். ஆறு வருஷம் தொடர்ந்து கோப்பையை வைத்திருந்தவர்கள். அப்புறம் இறுதியில் டைரோனிடம் போயிற்று. 2023 ஜனவரியில் கீகன் மேயோவுக்கு ஆடுவதை நிறுத்திக்கொண்டான், வயது 33. வருஷத்தின் சிறந்த அணியில் இடம் தருகிற ஆல் ஸ்டார் விருது ஐந்து, அகில அயர்லாந்து ஜெயித்தவர்களுக்கான சாம் மகுவயர் கோப்பை ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தின வருஷம், 2022-ல், வெஸ்ட்போர்ட் முதல் தடவையாக மாவட்ட சீனியர் பட்டம் ஜெயித்தது, அவனும் அந்த அணியில் இருந்தான். அன்றைக்கு மட்டும் நீ வெஸ்ட்போர்ட்டைத் திட்டவில்லை என்பதை நான் கவனித்தேன்.

உன் ரூம்மேட்டின் அம்மாவை டெஸ்கோவில் பார்த்தேன். ரிசல்ட் என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் தயிர் எடுக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன். என் பிள்ளை சொல்லாததை அடுத்தவர் வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை. சித்தி போன் பண்ணிக் கேட்டதற்கும் நன்றாகப் படிக்கிறான் என்றுதான் சொன்னேன். அது பொய்யும் இல்லையே. ராத்திரி இரண்டு மணிக்கு உன் அறையில் விளக்கு எரிவதை நைட் டூட்டியிலிருந்து வந்து பார்த்தவள் நான். இந்த வீட்டில் உன் அளவுக்கு உழைத்தவர் யாருமில்லை. இவ்வளவு படித்தவனுக்கு அம்மாவுக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை என்பதுதான் கோபம்.

சாப்பிடு. பருப்புப் பொடி தனிப் பார்சலில் வருகிறது, ஈரக் கரண்டி போடாதே. அப்பா ஒன்றும் கேட்க மாட்டார், நான் பேசிவிட்டேன். அக்கா வெள்ளிக்கிழமை டப்ளினுக்கு வருகிறாள். அதற்குள் நீ போனை எடுக்காவிட்டால் உன் கதவை அவள் வந்து தட்டுவாள், அவள் தட்டுகிற தட்டு உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக ஹியூஸ்டனில் ரயில் ஏறிவிடுங்கள், அப்பா ஸ்டேஷனுக்கு வருவார்.

அம்மா